கிரேஸ் அனுப்பிய புட்டி

சைகோன் லைன்,
கும்மிடிப்பூண்டி.
16 நவம்பர் 2008, ஞாயிறு.

சைகோன் மாநகரத்தின் செருப்புக் கம்பெனிக் கணக்குகளையெல்லாம் சுண்டுவிரலால் ஆட்டிவைக்கும் என் ஒரே மருமகள் ஜெனிபருக்கு, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசல் முதல் சிப்காட் கடைசி கேட் வரை ஓடும் சகல ஷேர் ஆட்டோக்களுக்கும் சக்கரவர்த்தியாகிய உன் மாமன் பாக்கியநாதன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. மாதா கிருபையால் இங்கே ஆட்டோ நலம், பூனை நலம், நான் மிக நலம். உன் அம்மாவின் நலத்தைத் தனியாக எழுதவேண்டியிருக்கிறது. உன் நலமும், மாப்பிள்ளை துவான் நலமும், வயிற்றிலிருக்கும் பெரிய மனிதரின் நலமும் உடனே தெரியவேண்டும். நீ போனை எடுக்காததால்தான் இந்த ஏற்பாடு.

முதலில் ஓர் உறுதிமொழி. இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்பக்கூடாது. உன் அம்மா என்னை வேளாங்கண்ணி மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தி, தலையில் கைவைக்கச் சொல்லி, “என்னப் பத்தி ஒரு நெஜம்கூட அவளுக்கு எழுதக் கூடாது, எழுதின, உனக்கு இந்த ஊட்ல சோறு கெடையாது” என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். மாதாவைக்கூடச் சமாதானப்படுத்திவிடலாம், சோற்றுக்கு என்ன செய்வது? ஆகவே மருமகளே, நிஜத்தைத் தொடாமல் முழுப் பொய்யாக எழுதுகிறேன். பொய் எழுதக் கூடாது என்று அவள் சத்தியம் வாங்கவில்லை.

போன மாதம் நீ போன் செய்தாய். நாலாம் மாதம் என்று சொன்னாய். இங்கே சர்க்கரைக்கு அலைந்தோம். மூன்றாம் வீடு வரை கொடுத்தோம். அப்புறம் நீ, பிரசவத்துக்கு அம்மா சைகோனுக்கு வரவேண்டும், டிக்கெட் அனுப்புகிறேன் என்றாய். அவள் மூட்டுவலி என்றாள். பாஸ்போர்ட் இல்லை என்றாள். பூனையை யார் பார்ப்பது என்றாள். மொட்டைமாடி ஜாடியை விட்டுவிட்டு எப்படி வருவது என்றாள். அந்தப் பூனை பக்கத்து வீட்டுப் பூனை என்பது உனக்குத் தெரியும். கோபத்தில் நீ, “நான் துவானைக் கட்டினது உனக்குப் பிடிக்கல, அதான் வர மாட்டேங்கற” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்து கூப்பிடவில்லை. இங்கே உன் அம்மா தினமும் அந்தப் போனைத் துடைக்கிறாள். துடைத்துத் துடைத்து அதன் மேலிருந்த எண்களெல்லாம் அழிந்துவிட்டன. இனி யாரையாவது கூப்பிடவேண்டுமானால் ஜோசியம் பார்த்துத்தான் கூப்பிடவேண்டும்.

வியட்நாம்காரனைக் கட்டியது பிடிக்கவில்லையாம்! அவளையும் என்னையும் பெற்றவள் எந்த ஊர்க்காரி? எங்கள் அப்பா, அதாவது உன் தாத்தா, பொன்னேரியிலிருந்து கப்பலேறிப் போய், சைகோனில் ஒரு பிரெஞ்சு பாங்கி வாசலில் துப்பாக்கியோடு நின்றவர். (வெளியே நான் சொல்லும்போது அந்த பாங்கியே அவருடையது.) அங்கே நூடுல்ஸ் விற்ற பெண்ணைக் கட்டி, எங்களைப் பெற்று, எழுபத்தாறில் எல்லோரையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டுவந்து, சர்க்கார் கொடுத்த இந்த லைன் வீட்டில் இறக்கினார். அப்போது எனக்குப் பதினைந்து வயது. வந்த அன்றே கும்மிடிப்பூண்டி முழுவதும் என்னைப் பார்க்கத் திரண்டது, கூட்டத்தைக் கலைக்கக் குதிரைப்படை வந்தது. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் உன் அம்மா இன்றும் கூட்டல் கணக்கை வியட்நாம் பாஷையில்தான் போடுகிறாள். அவளுக்கா துவானைப் பிடிக்காது?

தெருச் செய்தி. நீ போனபிறகு நம் லைன் அடையாளம் மாறிவிட்டது. வீரராகவன் வீட்டை விற்றுவிட்டு மகனோடு பாண்டிச்சேரி போய்விட்டார். நூடுல்ஸ் போட்ட கடையில் இப்போது பொரியும் பான்பராக்கும் தொங்குகின்றன. பாதி வீடுகளில் ரூம் கட்டி ஒரிசா, பீகார் ஆட்களுக்கு வாடகைக்கு விட்டாயிற்று. நம் கீழ் ரூமில் மூன்று ஒரிசாக்காரர்கள். மூத்தவன் பெயர் ரஞ்சன், இரும்புக் கம்பெனியில் வேலை. வந்த புதிதில் உன் அம்மா அவர்களைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். ஊரைவிட்டு வந்தவர்கள் வீட்டில் ஊரைவிட்டு வந்தவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள், இதில் சுளிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். “நாம அகதி, அவுங்க வேலைக்கி வந்தவங்க, ரெண்டும் ஒண்ணா?” என்றாள். ஆனால் ஒருநாள் ரஞ்சன் பழைய சோற்றுக்குக் கருவாடு சுட்டுக்கொண்டிருந்தபோது, நம் நுக்மாம் மீன்சாற்றில் ஒரு கரண்டி அதில் ஊற்றிப் பார்த்தான். அவ்வளவுதான். அன்று முதல் அவன் உன் அம்மாவுக்குப் பிள்ளை. சென்ட்ரலிலிருந்து புவனேஸ்வரம் போகும் ரயில் முழுவதும் இப்போது நம் நுக்மாம் மணக்கிறது.

மாப்பிள்ளைக்கு இதைப் படித்துக் காட்டுவாய். அவருக்கு நுக்மாம் தெரியும், நம் லைன் சட்டம் தெரியாது. எனவே விளக்குகிறேன். பழவேற்காட்டு நெத்திலியை உப்போடு ஜாடியில் அடுக்கி, மொட்டைமாடியில் வைத்து, சித்திரை வெயிலை முழுவதும் குடிக்கவிட்டு, ஆடியில் திறப்பார்கள். திறந்த அன்று வரும் மணத்தை மணம் என்பது நாங்கள். மற்றவர்கள் சொல்வது வேறு. வந்த புதிதில் ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பஞ்சாயத்துக்குப் போனார்கள். அன்று நம் பெண்கள் கூடி ஒரு சட்டம் போட்டார்கள்: யார் வீட்டு ஜாடி திறந்தாலும் லைனில் ஒருத்தரும் அந்த வாடையைப் பற்றிப் பேசக்கூடாது. மூக்கைத் தொடக்கூடாது. எந்த வீடு என்று கேட்கக்கூடாது. திறந்தவள் ஆளுக்கொரு சின்னப் புட்டி அனுப்புவாள். அதை வாங்கி மோந்து பார்த்துவிட்டு “நல்லா வந்திருக்கு” என்று சொல்லவேண்டும். இந்தியாவின் அரசியல் சட்டத்தைக்கூட நூறு தடவை திருத்திவிட்டார்கள். இதைத் தொட ஆளில்லை.

இந்தச் சட்டத்தில் “நல்லா வந்திருக்கு” என்ற பகுதியை மட்டும் முப்பது வருஷமாக மீறிவந்த இரண்டு பேர், உன் அம்மாவும் எதிர்வீட்டுக் கிரேஸ் அக்காவும். உன் அம்மா மூக்கு லைனின் உயர்நீதிமன்றம். கிரேஸ் அக்காவின் புட்டியை மோந்து “உப்பு தூக்கல்” என்பாள்; “மீனு பழசு” என்பாள். கிரேஸ் அக்கா அசல் சைகோன்காரி, செத்துப்போன தானியேல் அண்ணனைக் கட்டி இங்கே வந்து தமிழைத் திட்டுவதற்காகவே கற்றவள். “பொறந்தது சைகோன்ல, மூக்கு மட்டும் பொன்னேரி” என்று திருப்பிக் கொடுப்பாள்.

பெரிய பொய் இப்போது ஆரம்பம். போன ஆடி, ஞாயிற்றுக்கிழமை. ஊரிலிருந்த ஆட்டோவெல்லாம் பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குச் சவாரி போய்விட்டது. சர்ச்சில் பூசை முடிந்து லைனில் எல்லோரும் வீட்டுக்கு வந்து அடுப்பு பற்றவைக்கிற நேரம். ஒரு கம்பெனியில், பெயர் எழுதினால் வக்கீல் வருவார், ஒரு குழாய் விட்டுக்கொண்டது. கசிந்தது என்ன கேஸ் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. மீன் அழுகிய வாடை. ஆடிக்காற்று அதைத் தூக்கிக்கொண்டு வந்து நேராக நம் லைனில் இறக்கியது. பறந்த காக்கை பறந்தபடியே தூங்கிப்போனது. ரயில்வே சிக்னல் தானாகவே சிவப்பானது.

நம் லைனில் என்ன நடந்தது தெரியுமா? ஒன்றும் நடக்கவில்லை! ஆடி மாதம். மீன் வாடை. யாரோ ஜாடி திறந்துவிட்டார்கள். சட்டப்படி எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வெங்காயம் நறுக்கினார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயம் என்றார்கள். இருமல் வந்தது, மிளகாய் என்றார்கள். உன் அம்மா மொட்டைமாடியில் நின்று ஒரு மூச்சு ஆழமாக இழுத்தாள். கிரேஸ் ஜாடி கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டினாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை உன் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. எதிர்வீட்டில் கிரேஸ் அக்கா, உன் அம்மா விக்டோரியாவின் ஜாடி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, சிரிப்பு வெளியே கேட்கக்கூடாதென்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு பேரும் அந்தக் கேஸை ஆசை ஆசையாக மோந்துகொண்டிருந்தார்கள், ஜெனிபர்.

அப்போது ரஞ்சன் ரூமிலிருந்து லுங்கியோடு ஓடிவந்து “கேஸ்! கேஸ்!” என்று தெரு நடுவில் நின்று கத்தினான். உன் அம்மா மாடியிலிருந்தே அதட்டினாள், “டேய், வாய மூடு! அடுத்த ஊட்டு ஜாடியப் பத்தி அப்டி பேசக் கூடாது, மரியாத தெரியாதா?” அவனுக்கு எங்கே தெரியும் நம் மரியாதை? படியேறி வந்து, ஈரத்துண்டை அவள் முகத்தில் கட்டி, இறக்கிக்கொண்டு வந்தான். கதவு கதவாகத் தட்டினான். தெருவிலேயே நாகரிகம் தெரியாத ஒருவன் இருந்ததால் தெரு பிழைத்தது.

நான் அப்போது

உன் அம்மா மாடிப்படி ஏறும் சத்தம். நிறுத்துகிறேன்.

திங்கள் மாலை.

வந்தவள், என்ன எழுதுகிறாய் என்றாள். ரயில்வேக்கு மனு என்றேன், எலக்ட்ரிக் ட்ரெயினில் எனக்கென்று தனிப் பெட்டி கேட்டு. “கேளு, கேளு. என்ஜினையும் சேத்துக் கேளு” என்று சொல்லிவிட்டு, காபி வைத்துவிட்டுப் போனாள். காபியில் பால் திரிந்திருந்தது. குடித்துவிட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள், பிறகு தேவைப்படும்.

எங்கே விட்டேன்? ஆட்டோ. ஊரில் மிச்சமிருந்த ஒரே ஆட்டோ சக்கரவர்த்தியுடையது. அதில் லைனை முழுவதும் ஏற்றினேன். எழுபது பேர், இரண்டு ஆடு, அப்பாவு அண்ணன் வீட்டு டிவி. ஏற்ற ஏற்ற ஆட்டோ அகலமாகிக்கொண்டே போனது. ஸ்டேஷன் தாண்டி, காற்று வராத பக்கம் பள்ளிக்கூட மைதானத்தில் இறக்கினேன். எல்லோரும் இருமிக்கொண்டும் கண்ணைக் கழுவிக்கொண்டும் இருந்தபோது உன் அம்மா முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். அப்புறம் என்னிடம் வந்து, “பாக்கியம், அவ இல்ல” என்றாள். யார் அவ என்று நான் கேட்கவில்லை. உன் அம்மாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு “அவ”தான்.

நான் அடுத்த நடைக்கு ஆட்டோவைத் திருப்புவதற்குள் அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். மூட்டுவலிக்காரி! பஸ்ஸுக்கு ஓடமாட்டேன் என்கிறவள்! தண்டவாளத்தைத் தாண்டி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எதிர்க்காற்றில் போனாள். நான் லைன் முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது, புகையைக் கிழித்துக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். கிரேஸ் அக்கா முகத்தில் ரஞ்சனின் ஈரத்துண்டு இறுக்கிக் கட்டியிருந்தது. உன் அம்மா முகத்தில் ஒன்றுமில்லை. கிரேஸ் அக்கா துண்டுக்குள்ளிருந்தே திட்டிக்கொண்டு வந்தாள்: “உடுடீ, கை வலிக்குது, உன் கெட்டுப்போன ஜாடிக்கி நான் ஏண்டி ஓடணும்?” உன் அம்மா பிடியை விடாமல் இழுத்துக்கொண்டு வந்தாள். உன் அம்மா பதில் சொல்லாத முதல் சண்டை அது.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் மூக்கில் குழாய் வைத்தார்கள். கிரேஸ் அக்கா மூன்றாம் நாள் எழுந்து ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் குறைசொல்ல ஆரம்பித்தாள். உன் அம்மாவுக்கு இருமல் நிற்கக் கொஞ்சம் நாளானது. உனக்குச் சளி என்று சொன்னோமே, அந்தச் சளி. பிறகு ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து, வீடு வீடாக, அன்றைக்கு ஏதாவது வாடை வந்ததா என்று விசாரித்தார். நம் பெண்கள் முப்பது வருஷப் பழக்கத்தில், எந்த வாடையும் இல்லை சார் என்றார்கள். ரஞ்சன் மட்டும் தலையில் அடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னான். வாடகை வீட்டுக்காரன் சொல் எடுபடுமா? நான் கோபத்தில் பெண்களைக் கூப்பிட்டுக் கத்திய பிறகு, எல்லோரும் திருவள்ளூர் போய்க் கலெக்டர் ஆபீஸில் எழுதிக்கொடுத்தார்கள். உன் அம்மாவையும் அந்த அதிகாரி, “இப்ப ஏதாவது வாடை வருதாம்மா?” என்று கேட்டார். “எனக்கு ஒண்ணும் தெரியல சார்” என்றாள். அவளும் பழக்கத்தில்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

ஆவணியில் கிரேஸ் அக்கா உண்மையாகவே ஜாடி திறந்தாள். உன் அம்மாவுக்குப் புட்டி வந்தது. உன் அம்மா மூடியைத் திறந்து, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, “நல்லா வந்திருக்குடி” என்றாள்.

ஜெனிபர், அன்று கிரேஸ் அக்கா என் ஆட்டோவைத் தேடி ஸ்டேஷனுக்கே வந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. “பாக்கியம், விக்டோரி என் ஜாடிய நல்லா கீதுன்னு சொல்லிட்டா. எனக்கு பயமா கீது” என்றாள். உயிரைக் காப்பாற்றியதால் மரியாதை வந்திருக்கும் என்றேன். “மரியாதயாம்! உப்பு தூக்கலா போச்சின்னு எனக்கே தெரியும்” என்றாள்.

மறுநாள் இன்னொரு புட்டி அனுப்பினாள், இது ஜாடி அடியில் வடித்த தெளிவு, உனக்கென்று எடுத்துவைத்தேன் என்று சொல்லி. உன் அம்மா மோந்து பார்த்தாள். “இது அதவிட நல்லா கீது” என்றாள். கிரேஸ் அக்கா புட்டியை வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தப் புட்டியில் இருந்தது டீ டிகாஷன்.

சென்னைக்கு ட்ரெயினில் அழைத்துப்போய் மூக்கு டாக்டரிடம் காட்டினேன். டாக்டர் மூக்குக்குள் ஒரு டார்ச்சை அடித்துப் பார்த்தார். போன மோப்பம் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார். அதைச் சொல்ல டார்ச் எதற்கு? திரும்பி வரும்போதுதான் சத்தியம் வாங்கப்பட்டது.

இனி தெருவின் இன்றைய நிலைமை. நம் பழைய சட்டம் இன்னும் கடுமையாகிவிட்டது. உன் அம்மாவுக்கு முன்னால் யாரும் மணம், வாடை, நாற்றம் என்ற பேச்சையே எடுப்பதில்லை. மல்லிகைப்பூ விற்கும் சந்திரகலாகூட நம் வீட்டுக்கு வந்தால் “பூ, வெள்ளையா கீது” என்றுதான் விற்கிறாள். கிரேஸ் அக்கா மட்டும் தினமும் காலையில் வாசலில் வந்து நின்று சண்டை பிடிக்கிறாள். “ஏண்டி விக்டோரி, உன் பால் திரிஞ்சி தெருவே நாறுது!” பாலைக் கொட்டிவிடுகிறாள் உன் அம்மா. “இன்னாடி கருக்கிக்கினு கீற, என் ஊட்டு வரைக்கும் பொக!” ஓடிப்போய் அடுப்பை அணைக்கிறாள். நேற்று நான் திரிந்த பாலில் காபி குடித்ததற்குக் காரணம், கிரேஸ் அக்கா ஆரணியில் ஒரு சாவுக்குப் போயிருந்தாள்.

ஒருநாள் சண்டை வேகத்தில், பழைய பழக்கத்தில், “மூக்கு இல்ல உனக்கு?” என்று கேட்டுவிட்டாள். தெருவே நின்றுவிட்டது. ரஞ்சன் கையிலிருந்த வாளியோடு அப்படியே நின்றான். உன் அம்மா வாசல்படியிலிருந்து இறங்கிவந்தாள். அப்புறம், “உனக்கு கீதுல்ல? அது போதும் போ” என்றாள். கிரேஸ் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது என்று உன் அம்மாவுக்குத் தெரியும். உன் அம்மாவுக்குத் தெரியும் என்று கிரேஸ் அக்காவுக்கும் தெரியும். மறுநாளும் சண்டை அதே நேரத்துக்கு ஆரம்பித்தது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ போனை வைத்த அன்று சாயங்காலம், துணி எடுக்க மாடிக்கு வந்தவள் என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஒரு ஜோக் சொன்னேன், கேட்கவில்லை. பிறகு அவளாகச் சொன்னாள்: “அவளாண்ட இத்தினி வருசமா சைகோன் சைகோன்னு இன்னா சொன்னேன் பாக்கியம்? கட்டடமா சொன்னேன்? கட்டடம் எனக்கு எங்க நெனவு கீது? காபி வறுக்கற வாசன. மழ பேஞ்சா ஆத்துச் சேத்து வாசன. அம்மா கடைல சூப் கொதிக்கற வாசன. அதான் என் ஊரு. அங்க போயி எறங்கி, மூச்ச இழுத்து, ஒண்ணுமே இல்லன்னா? இங்க உக்காந்துக்கினு நெனச்சா இன்னும் வருதுடா. அங்க போனா அதுவும் போயிடும்.”

நான் வாயாடி. எனக்கு அன்று ஒரு பொய்கூட வரவில்லை.

அவள் துணியை மடித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். மருமகளே, நம் லைனில் முத்தம் என்பது உதட்டு வேலை இல்லை, மூக்கு வேலை. உன்னைச் சின்ன வயதில் உன் அம்மா கன்னத்தில் மூக்கை வைத்து ஒரு இழு இழுப்பாளே, அதைப் பார்த்துப் பக்கத்துத் தெருக்காரர்கள், பிள்ளை குளித்ததா என்று சோதிக்கிறாள் என்பார்கள். மாப்பிள்ளைக்கு இதை விளக்கவேண்டாம். அவர் அம்மாவும் அப்படித்தான் கொஞ்சியிருப்பார். உன் அம்மா சொன்னது இவ்வளவுதான்: “புள்ளய என் கைல குடுப்பா. எல்லாரும் பாத்துக்கினு இருப்பாங்க.” அதற்குமேல் சொல்லவில்லை. துணியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். என் சட்டை ஒன்றையும் அவள் சட்டை என்று நினைத்து எடுத்துப்போனாள்.

எனவே என் வேண்டுகோள். இதை ஷேர் ஆட்டோ சக்கரவர்த்தியின் அரசாணையாகவும் எடுத்துக்கொள்ளலாம். வயதாகிக்கொண்டிருக்கும் ஒரு மாமன் காலில் விழாத குறையாகக் கேட்பதாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

போன் செய். மன்னிப்பு வேண்டாம், அவளுக்கு அது பிடிக்காது. சைகோனைக் காட்டுகிறேன் வா என்று கூப்பிடாதே. காபிக் கடைக்கு அழைத்துப்போகிறேன், ஆற்றங்கரைக்கு அழைத்துப்போகிறேன் என்று ஆசை காட்டாதே. எனக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியாது, துவானின் அம்மா ஊரில் இல்லை, சோறு குழைகிறது, பயமாக இருக்கிறது என்று சொல். பாதி பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, நம் குடும்பத்தில் அது ஒரு குற்றமில்லை. உதவிக்கென்றால் அவள் எதிர்க்காற்றில்கூட நடந்துவருவாள், பார்த்தவன் சொல்கிறேன். பாஸ்போர்ட்டுக்கு நான் அலைகிறேன். பூனைக்கு ரஞ்சன் பொறுப்பு. ஜாடிக்குக் கிரேஸ் அக்கா காவல். உப்பைக் கூட்டி வைத்துவிடுவாள் என்ற பயத்திலாவது உன் அம்மா சீக்கிரம் திரும்பிவருவாள்.

இந்தக் கடிதத்தில் உள்ள எதையும் அவளிடம் கேட்காதே. மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. நீ இந்த லைன் பெண், சட்டம் உனக்கும் உண்டு.

பிள்ளை பிறந்து, அவள் கையில் கொடுத்து, அவள் அதன் கன்னத்தில் மூக்கை வைக்கும் நேரம் வரும். அப்போது கிரேஸ் அக்காவை நினைத்துக்கொள். அவள் கேட்பதற்கு முன்னால், சும்மா குறைசொல்வதுபோல, சண்டைக்கு வருவதுபோல, உரக்கச் சொல். “பாரும்மா, இவன் மேல எவ்ளோ பால் வாடை, தலையெல்லாம் புது அரிசி மாதிரி மணக்குது, எத்தினி தடவ தொடச்சாலும் போக மாட்டேங்குது” என்று எரிந்துவிழு. நாங்கள் இங்கே நாலு மாதமாக அவளுக்கு மூக்காக இருக்கிறோம். அங்கே நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

மாதா உன்னையும் வயிற்றிலிருப்பவரையும் காக்கட்டும். பிறக்கப்போவது யாராக இருந்தாலும் என் மூக்கு வேண்டாம், ஆட்டோவில் ஹெட்லைட் தேவைப்படாத மூக்கு இது. உன் அம்மாவின் மூக்கு வரட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு. இன்றைக்கே கூப்பிடு, இங்கே ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கூப்பிட்டால் போன் பக்கத்திலேயே இருப்பாள், துடைத்துக்கொண்டு.

இப்படிக்கு,
உன்னை ஆட்டோவில் முன்சீட்டில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்விட்ட
மாமன் பாக்கியநாதன்.

பி.கு: சத்தியம் செய்தவன் என்பதால் கடைசியில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எழுபது பேர் பொய். தூங்கிய காக்கை பொய். புகை பொய், அந்தக் கேஸ் கண்ணுக்கே தெரியாது. ரயில்வேக்கு மனு எழுதியதும் பொய். மேலே எழுதியதில் வேறு எதை நம்புகிறாய், எதை நம்பவில்லை என்பது உன் இஷ்டம், நான் எதற்கும் பொறுப்பில்லை. ஒரே ஒரு சின்ன விஷயத்துக்கு மட்டும் மாதாவிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அது தவறி உள்ளே வந்துவிட்டது. கிரேஸ் அக்கா இரண்டாவதாக அனுப்பிய புட்டியில் டீ டிகாஷன்தான் இருந்தது. ஊற்றியபோது நான் பக்கத்தில் இருந்தேன். அது மட்டும் நிஜம்.